புறக்காழும் உலோகக் குழாயும் : தீக்கோல் தண்டின் பொருள் வரலாறு

முன்னுரை

இரு முனைகளிலும் தீ எரிய, நடுவே கை பற்றிச் சுழற்றப்படும் கோல் தமிழகத்துத் திருவிழாக்களில் பலரும் கண்ட ஒன்றாகும். தீச்சிலம்பம், தீப்பந்தச் சிலம்பம் முதலிய பெயர்களால் அவ்வாட்டம் வழங்குகிறது. வட இந்தியாவில் ‘பனேட்டி’ என்றும் பிற நாடுகளில் வேறு பெயர்களாலும் அறியப்படும் இக்கருவியை இக்கட்டுரை ‘தீக்கோல்’ என்னும் பொதுப்பெயரால் சுட்டுகிறது. பார்ப்போர் கண் தீயின்மேல் நிற்கிறது; ஆடுவோர் கருத்தோ தண்டின்மேல் நிற்கிறது. முனையில் எரியும் தீயின் வெம்மை கைக்கு வருவதும் வாராதிருப்பதும் தண்டின் இயல்பைப் பொறுத்தே அமைகின்றன.

சிலம்பம் பற்றிய தமிழ் எழுத்துகள் அடிமுறை, வரிசை, வீச்சு ஆகியவற்றை விரிவாகப் பேசுகின்றன. கோல் எப்பொருளால் ஆனது, எவ்வாறு தெரிந்தெடுக்கப்பட்டது, எப்போது மாறியது என்னும் வினாக்களுக்கு அவற்றில் சில வரிகளே கிடைக்கின்றன. தீக்கோலைத் தாமே செய்துகொள்வோர் பலர் இன்று மூங்கிலை விட்டு உலோகக் குழாயை, சிறப்பாக அலுமினியக் குழாயை நாடுகின்றனர். இம்மாற்றம் எவ்வாறு நேர்ந்தது, இதனால் பெற்றது எது, இழந்தது எது என்பவற்றை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும். மூங்கிலின் வடிவம் குழாயில் தொடர்கிறது. மூங்கிலின் கணு குழாயில் இல்லை. குழாய்த் தெரிவில் நேரும் இடர்களுள் பல இவ்விழப்பிலிருந்தே தோன்றுகின்றன என்பது இக்கட்டுரையின் கருதுகோள்.

கையில் சுழலும் தீ

தினைப்புனம் காப்போர் யானையை வெருட்ட ஏந்திய ‘ஞெகிழி’ என்னும் கொள்ளி சங்கக் குறிஞ்சிப் பாடல்களில் இடம்பெறுகிறது. கோயில் ஊர்வலங்களில் ஏந்தும் தீவட்டியும் பந்தமும் அதன் வளர்ச்சி நிலைகள் எனலாம். இவற்றிலெல்லாம் ஒரு முனை தீக்கும் மறுமுனை கைக்கும் உரியவை. துணி சுற்றி எண்ணெய் வார்க்கும் தலைப்பகுதி பெரும்பாலும் இரும்பாக இருக்கும். கைப்பிடிக்கும் தீக்கும் இடையே போதிய நீளம் விடப்படும். எண்ணெய் வழிந்தாலும் அது கையை அடையுமுன் கண்டுகொள்ளலாம்.

இரு முனையிலும் தீயை வைத்தால் இந்த ஒழுங்கு குலைகிறது. கை நடுவுக்கு வருகிறது. தண்டில் ‘தீயில்லாத பக்கம்’ என ஒன்று இல்லாமற் போகிறது. கோல் சுழலும்வரை எரிபொருள் வெளிநோக்கியே தள்ளப்படும். சுழற்சி நின்று கோல் நிமிர்ந்த அக்கணமே மேல்முனையின் எரிபொருள் கையை நோக்கி இறங்கத் தொடங்கும். ஆகவே இருமுனைத் தீக்கோலின் இடர் சுழலும்போது உள்ளதைக் காட்டிலும் நிற்கும்போது மிகுதி.

இருமுனைத் தீக்கோல் அண்மைக் காலத்து மேலைநாட்டுப் புதுமை என்னும் கருத்து பொருந்தாது. 1884இல் வெளிவந்த பிளாட்ஸ் என்பாரின் உருது–இந்தி–ஆங்கில அகராதி ‘பனேட்டி’ என்னும் சொல்லுக்கு, இரு முனையும் கொளுத்தப்பட்டு இரட்டைத் தீவட்டம் தோன்றச் சுழற்றப்படும் பந்தம் என்ற கருத்தில் பொருள் தருகிறது. கலை பழையது. இக்கட்டுரை ஆராயும் புதுமை அதன் தண்டில் நேர்ந்தது.

மூங்கிலின் இயல்பு

தொல்காப்பிய மரபியல் பயிரினத்தைப் பகுக்கும்போது வெளிப்புறம் வன்மை உடையவற்றைப் புல் என்றும், உட்புறம் வன்மை உடையவற்றை மரம் என்றும் வகைப்படுத்துகிறது. ‘புறக்காழ்’, ‘அகக்காழ்’ என்பன அதன் கலைச்சொற்கள். இப்பகுப்பின்படி மூங்கில் புறக்காழ் உடைய புல்லாகும். இது பயிரியல் பகுப்பு மட்டுமன்று. ஒரு பொருளின் வலிமை எங்கே குடிகொண்டுள்ளது என்பதைக் கூர்ந்து நோக்கிய பகுப்புமாகும். வளையும் தண்டில் விசையைப் பெரிதும் தாங்குவது வெளிப்புறம். நடுப்பகுதி தாங்குவது சிறிது. நடுவை வெற்றிடமாக விட்டுப் பொருளை ஓரத்தில் சேர்த்தால் குறைந்த எடையில் மிகுந்த விறைப்புக் கிடைக்கும். மூங்கில் இயற்கையாகச் செய்திருப்பது இதுவே.

சிலம்பத்திற்குரிய கோல் ஆடுபவரின் நெற்றி உயரத்திற்கு அளக்கப்படுவது மரபு. துளை மிகச் சிறியதாகவோ துளையே இல்லாததாகவோ அமையும் கல்மூங்கிலும் இதற்குப் பயன்படும். வெட்டிய கழியை நீரில் ஊறவைத்தல், நிழலில் உலர்த்தல், அனலில் வாட்டி நிமிர்த்தல், எண்ணெய் பூசுதல் ஆகியன அதனைப் பதப்படுத்தும் முறைகள்.

தீயோடு சேரும்போது மூங்கிலிடம் ஒரு நன்மையும் இரு தீமைகளும் உள்ளன. அது வெப்பத்தை மிகக் குறைவாகவே கடத்துவதால் கை சுடாது, இது நன்மை. தண்டே எரிபொருளாகிவிடும் என்பது முதல் தீமை. மூங்கில்கள் ஒன்றோடொன்று உரசித் தீப்பற்றுதல் பழந்தமிழ்ப் பாடல்களில் பயின்றுவரும் காட்சி என்பது ஈண்டு நினைக்கத்தக்கது. இரு கணுக்களுக்கிடையே அடைபட்ட காற்றும் ஈரமும் சூடேறி விரிவதால் தண்டு வெடிக்கும் என்பது இரண்டாம் தீமை.

எனவே மூங்கில் அல்லது மரத்தண்டின் முனையைத் தகட்டால் சுற்றியோ, உலோக உறை மாட்டியோ தீயினின்று காக்க வேண்டியதாயிற்று. இவ்வமைப்புக்குத் தமிழில் பழம்பெயர் உண்டு. ஔவையார் அதியமானின் படைக்கலங்களைப் பாடும் புறநானூற்று 97ஆம் பாடலில் வேலின் ‘சுரை’யும் ‘காழ்’உம் குறிக்கப்படுகின்றன. சுரை என்பது தண்டைப் பொருத்தும் உள்துளையுடைய உலோகப் பகுதி. காழ் என்பது அதனுள் செல்லும் தண்டு. தீக்கோல் செய்வோர் இன்றும் இவ்விரண்டையும் பொருத்துகின்றனர். அவற்றின் தமிழ்ப் பெயர்கள் மட்டும் வழக்கொழிந்தன.

குழாயின் வரலாறு

உலோகக் குழாய் எளிதில் கிடைக்கும் பொருளானது கடந்த இரு நூற்றாண்டுகளில்தான். 1825ஆம் ஆண்டு இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. அவ்வாண்டில் இங்கிலாந்தின் கார்னீலியஸ் ஒயிட்ஹவுஸ், நீண்ட இரும்புத் தகட்டின் இரு விளிம்புகளையும் சூட்டில் இணைத்துக் குழாயாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். அதே ஆண்டில் டென்மார்க்கின் ஊர்ஸ்டெட் அலுமினியத்தைச் சிறிய அளவில் பிரித்தெடுத்தார். 1885இல் செருமனியின் மான்னெஸ்மன் உடன்பிறந்தார் திண்ணிய உருளையிலிருந்தே மூட்டில்லாக் குழாய் செய்யும் முறையைக் கண்டனர். அடுத்த ஆண்டான 1886இல் அமெரிக்காவில் ஹாலும் பிரான்சில் எரூவும் தனித்தனியே மின்பகுப்பு முறையில் அலுமினியத்தைப் பெற்றனர். அதுவரை அரிய பொருளாக இருந்த அலுமினியம் அதன்பின் விலை வீழ்ந்து மக்கள் கைக்கு வந்தது.

தூய அலுமினியம் மென்மையானது; கோலுக்கு உதவாது. 1906இல் ஆல்பிரட் வில்ம், செம்பு முதலியன கலந்த அலுமினியத்தைச் சூடாக்கி நீரில் தோய்த்துச் சில நாள் வைத்திருந்தால் அது தானே வன்மை பெறுவதைக் கண்டார். மக்னீசியமும் சிலிக்கனும் சேர்ந்த 6061 என்னும் கலவை 1935இல் அமெரிக்காவில் உருவாக்கப்பட்டது. சூடாக்கிய உலோகத்தை அச்சின் வழியே பிதுக்கி நீளமாக வார்க்கும் முறையை 1894இல் அலெக்சாண்டர் டிக் பித்தளைக்கெனக் கண்டிருந்தார். இடியாப்ப உழக்கில் மாவு பிதுங்குவதை ஒத்த அம்முறையிலேயே இன்றைய அலுமினியக் குழாய்களில் பெரும்பாலானவை உருவாகின்றன.

இவ்வுலோகத்தின் இந்திய வரலாற்றில் சென்னைக்குத் தனியிடம் உண்டு. சென்னைக் கலைப்பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் 1898இல் அலுமினியப் பாத்திரத் தொழிலைத் தொடங்கினார். 1903இல் அது தனியார் நிறுவனம் ஒன்றுக்கு மாற்றப்பட்டது. கேரளத்தின் அலுபுரத்தில் 1943இல் நாட்டின் முதல் அலுமினிய உருக்காலை செயற்படத் தொடங்கியது. 1960களில் மேட்டூரிலும் ஓர் ஆலை எழுந்து, பின்னர் மூடப்பட்டது. சமையற்கலமாக வீட்டுக்குள் நுழைந்த உலோகம், காலப்போக்கில் சன்னல் சட்டமாகவும் திரைச்சீலைத் தண்டாகவும் ஊர்தோறும் கடைகளில் கிடைக்கலாயிற்று. தீக்கோல் செய்வோர் குழாயை வாங்குவதும் அதே கடைகளில்தான்.

தீக்கோல் உலகில் பரவியமை

இந்தியாவின் கரளாக்கட்டைப் பயிற்சியை ஆங்கிலப் படையினர் கண்டு தம் உடற்பயிற்சியில் சேர்த்துக்கொண்டனர். ‘இந்தியக் கட்டை’ என்னும் பெயரோடு அது இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் பரவியது. 1866இல் கெஹோ என்பார் நியூயார்க்கில் இதற்கென நூல் வெளியிட்டார். 1904, 1932ஆம் ஆண்டு ஒலிம்பிக் போட்டிகளில் கட்டை சுழற்றுதல் ஒரு போட்டியாக இடம்பெற்றது.

சமோவா நாட்டுக் கத்தியாட்டத்தில் தீயைச் சேர்த்தவர் பிரெடி லெட்டுலி. 1946இல் சான்பிரான்சிஸ்கோவில், தீ விழுங்கும் இந்தியக் கலைஞர் ஒருவரையும், முனைகளில் விளக்கு ஒளிரும் கோலைச் சுழற்றிய சிறுமியையும் கண்டு அவ்வெண்ணம் பெற்றதாக அவர் கூறியுள்ளார். துண்டுத் துணியைக் கத்தியில் சுற்றி எரிபொருளில் நனைத்ததே அவரது முதல் முயற்சி. தமிழகத்துப் பந்தத்தின் செய்ம்முறையும் இதுவே.

துணித் திரி விரைவில் எரிந்து தீர்வது. சில காலம் கல்நார் பயன்பட்டது. அதன் துகள் நுரையீரலுக்குக் கேடு என்பது தெளிவானபின் கைவிடப்பட்டது. 1965இல் ஸ்டெபனி குவோலெக் கண்ட கெவ்லார் இழை இக்குறையைத் தீர்த்தது. அது உருகுவதில்லை, 450 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெப்பத்திலேயே சிதைகிறது. 1990களில் மேலைநாட்டு இளைஞரிடையே தீச்சுழற்றல் பெருகியபோது, அலுமினியக் குழாயின் இரு முனையிலும் கெவ்லார்ப் பட்டையைச் சுற்றித் திருகாணியால் இறுக்கிய கோல் வீட்டிலேயே செய்யத்தக்க வடிவாக நிலைபெற்றது. அவ்வடிவமே பின்னர் இந்தியக் கடற்கரைகளுக்கும் நகரங்களுக்கும் வந்தது. பனேட்டி பிறந்த நாட்டுக்கு இருமுனைத் தீக்கோல் புதுத்தண்டோடு திரும்பியது எனலாம்.

குழாயைத் தெரிதல்

தண்டுக்குரிய குழாயைத் தெரிவோர் எடை, விறைப்பு, வெப்பம் ஆகிய மூன்றையும் ஒருங்கே நோக்க வேண்டியுள்ளது. 22 மி.மீ. வெளிவிட்டமும் 1.6 மி.மீ. சுவர்க்கனமும் 1.5 மீட்டர் நீளமும் உடைய அலுமினியக் குழாய் ஏறத்தாழ 415 கிராம் எடையுள்ளது. அதே அளவுடைய இரும்புக் குழாய் ஏறத்தாழ 1.2 கிலோ இருக்கும். திரியும் எரிபொருளும் முனையில் சேர்ந்தபின் இவ்வேறுபாடு மணிக்கட்டில் நன்கு உணரப்படும்.

அந்த 415 கிராம் அலுமினியத்தையே துளையற்ற கம்பியாக அதே நீளத்தில் வார்த்தால் அதன் விட்டம் சுமார் 11.4 மி.மீ. ஆகும். குழாயின் விறைப்பு அக்கம்பியின் விறைப்பைப் போல ஆறு மடங்குக்கும் மேற்பட்டது. பொருள் ஒன்று, எடை ஒன்று, நீளமும் ஒன்று. அமைப்பு மட்டுமே வேறு. புறக்காழ் என்னும் பழஞ்சொல் உணர்த்தும் உண்மை இங்கு அளவுகளால் உறுதிப்படுகிறது.

கடைகளில் ‘பைப்’பின் சுவர்க்கனம் ‘கேஜ்’ எண்ணால் சொல்லப்படும். எண் கூடினால் கனம் குறையும் என்பது புதியோர் பலரை மயக்குவது. 16 கேஜ் என்பது சுமார் 1.6 மி.மீ.; 18 கேஜ் 1.2 மி.மீ.; 20 கேஜ் 0.9 மி.மீ. எண் பெரிதாயின் குழாய் உறுதியானது எனக் கருதி வாங்கியவர், கோல் முதன்முறை தரையில் விழுந்து மடங்கும்போது தம் பிழையை உணர்வார்.

வெப்பத்தைக் கருதும்போது ஒரு முரண் தோன்றுகிறது. குழாய்களில் பயன்படும் அலுமினியக் கலவையின் வெப்பங்கடத்தும் எண் சுமார் 200. சாதாரண எஃகின் எண் சுமார் 50. துருவேறா எஃகின் எண் சுமார் 16. மூங்கிலுக்கோ ஒன்றிற்கும் குறைவு. கையைக் காப்பதே நோக்கமாயின் அலுமினியம் கடைசியில் நிற்க வேண்டியது. ஆயினும் அதுவே பெரிதும் தெரியப்படுகிறது. இதற்குக் காரணங்கள் நான்கு. சுவர் மெல்லியதாதலால் வெப்பம் செல்லும் வழி குறுகியது. தீக்கும் கைக்கும் இடைப்பட்ட நீளத்தில், சுழற்சியால் வீசும் காற்று வெப்பத்தைக் கவர்ந்துகொள்கிறது. ஒருமுறை எரியும் நேரம் சில நிமிடங்களே. எல்லாவற்றிலும் முதன்மையானது, திரியில் எரிபொருள் ஈரமாக உள்ளவரை அதன் வெம்மை எரிபொருளின் கொதிநிலையை ஒட்டியே நிற்பதாகும். மண்ணெண்ணெய் ஏறத்தாழ 150 முதல் 300 பாகை வரை கொதிப்பது. அலுமினியம் உருகுவதோ 660 பாகையில்.

எரிபொருள் தீர்ந்தபின்னும் தீ நின்றால் இப்பாதுகாப்பு நீங்குகிறது. திரி கனலாகிறது; குழாய் முனை விரைவில் சூடேறுகிறது. 200 பாகைக்கு மேல் மீண்டும் மீண்டும் சூடேறும் அலுமினியக் கலவை, பதத்தால் பெற்ற வன்மையைச் சிறிது சிறிதாக இழந்து மெலிகிறது. வில்ம் கண்ட பதம் தலைகீழாகக் குலைவதே இது. திரி வறளுமுன் தீயை அணைத்தல் குழாயையும் திரியையும் ஒருங்கே காக்கும்.

தவிர்க்கத்தக்கது, ‘ஜி.ஐ. பைப்’ எனப்படும் துத்தநாகம் பூசிய இரும்புக்குழாய். மலிவும் எளிதில் கிடைத்தலும் அதனை நாடச் செய்யும். துத்தநாகம் 419 பாகையில் உருகுவது; மேலும் சூடேறினால் வெண்புகையாக எழும். அதனை மூச்சில் ஏற்போர்க்குக் குளிரும் காய்ச்சலும் வரும். உலோகப் பற்றவைப்போர் இதனை நன்கு அறிவர். திரைச்சீலைத் தண்டுகளில் பல மெல்லிய தகட்டை மடித்து இணைத்து மேற்பூச்சிட்டவை. அவை தொங்கும் துணியைத் தாங்கலாம். சுழலும் தீயைத் தாங்கா.

கணு இல்லாத குழாய்

மூங்கிலின் கணு இரு பணிகளைச் செய்கிறது. தண்டு நசுங்காமல் தாங்குவது ஒன்று. உட்புறத்தைத் தனித்தனி அறைகளாக அடைப்பது மற்றொன்று. குழாய் முனை முதல் முனை வரை ஒரே வழி. தீக்கோலை எரிபொருளில் நனைக்கும்போது திறந்த முனை வழியாகவும் திருகாணித் துளை வழியாகவும் அது உட்புகும். பின்பு ஆட்டத்தின் நடுவே கைப்பிடியிலோ மறுமுனையிலோ கசியும். வெளியே வழிவதைக் கண் காணும். உள்ளே ஓடுவதைக் காண வழியில்லை.

முனைகளை அடைப்பதும் கவனமின்றிச் செய்தால் தீங்காகும். உள்ளே சிறிது எரிபொருளோ நீரோ தங்கிய குழாயை இருபுறமும் இறுக மூடிச் சூடேற்றினால் ஆவி அழுத்தி அடைப்பை வெளித்தள்ளும். மூங்கிற் கணுவிடை வெடிப்பதன் காரணம் இங்கும் செயற்படுகிறது. ஆதலின் நனைக்குமுன் குழாயின் உட்புறம் உலர்ந்திருத்தல் வேண்டும்.

பழகியோர் கண்ட தீர்வு, திரி அமையும் நீளத்திற்கும் சற்று மிகுதியாக இறுக்கமான மரக்கட்டையைக் குழாயின் ஒவ்வொரு முனையிலும் செருகுவதாகும். அம்மரம் கணுவின் பணிகளைச் செய்வதோடு மூன்றாவதாக ஒன்றையும் செய்கிறது. மெல்லிய அலுமினியச் சுவரில் திருகாணியின் புரி நிலைக்காது. சூட்டில் அலுமினியம் இரும்பைப் போல ஏறத்தாழ இருமடங்கு விரிவதால் பிடியும் தளரும். திருகாணி மரத்தில் பதிந்தாலே திரி கழன்று பறவாது. இவ்வமைப்பில் உலோகக் குழாயே சுரை. உட்செல்லும் மரமே காழ். மூடிய இடத்தில் காற்றுக் குறைவாதலின் மரம் தீப்பற்றாது எனினும் நாளடைவில் கரியும். அதனைக் கழற்றிப் பார்ப்பதும் மாற்றுவதும் ஆடுவோர் கடமையாகும். நடுவில் கைப்பிடியாகப் பருத்திப் பட்டையோ தோலோ சுற்றுவது, மூங்கிலில் இயல்பாக இருந்த வெப்பத்தடையை மீளப் பெறும் முயற்சியே.

முடிவுரை

இவ்வாய்வால் பின்வரும் முடிவுகள் பெறப்படுகின்றன.

1. இருமுனைத் தீக்கோல் இந்திய மரபில் பழையது. அதன் உலோகக் குழாய்த் தண்டே புதியது. குழாயும் அலுமினியமும் பத்தொன்பதாம் நூற்றாண்டில் அடுத்தடுத்து வளர்ந்ததன் விளைவாக அது இயன்றது.

2. மூங்கிலிலிருந்து குழாய்க்கு மாறியபோது புறக்காழ் என்னும் அமைப்பு மாறவில்லை. அதனால்தான் சிலம்பம் பழகிய கை குழாயையும் ஏற்றுக்கொள்கிறது.

3. மாற்றத்தில் இழந்தவை கணுவும் வெப்பத்தடையும் ஆகும். முனையில் செருகும் மரமும் நடுவில் சுற்றும் பட்டையும் அவற்றுக்கு ஈடாக அமைந்தவை. இவ்விரண்டையும் ஒட்டி எழும் இடர்களை அறியாமல் பளபளப்பையும் விலையையும் மட்டும் கண்டு குழாய் தெரிவோர் தம் கையையும் அருகிருப்போர் உடலையும் இடருக்கு உள்ளாக்குகின்றனர்.

4. சுரை, காழ், கணு, புறக்காழ் ஆகிய பழஞ்சொற்கள் இக்காலக் கருவியின் உறுப்புகளையும் இயல்பையும் தெளிவாகச் சுட்டவல்லன. பைப், கேஜ் என்னும் கடைவழக்குகளோடு இவற்றையும் இணைத்துத் தொகுப்பது தமிழ்த்துறைகள் செய்யத்தக்க பணியாகும்.

சிலம்ப ஆசான்களிடம் வரிசைகளைக் கேட்டுப் பதிவு செய்யும் ஆய்வாளர், அவர்தம் கோல் எங்கே வாங்கப்பட்டது, எதனால் தெரியப்பட்டது, எதனைக் கண்டு விலக்கப்பட்டது என்பவற்றையும் கேட்டல் வேண்டும். வரிசைகள் மாணவர் உடலில் தங்கிப் பின்னும் வாழக்கூடும். கடைப்படியில் நின்று குழாயைத் தட்டிப்பார்த்து இது வேண்டாம் என்று சொல்லும் அறிவு, கேட்டு எழுதினாலன்றி அவரோடே போய்விடும்.